அது செருமிட்டு வரட்டும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்று ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இதில் 'நாங்கள்' என்று வருவது எங்கள் வீட்டுப் பெண்கள் மூவர். உம்மா, தங்கச்சி, இதை எழுதுகிற டீச்சர். எழுதுவது ஒரு கை என்றாலும் கதை மூவருடையது. எழுதி முடித்ததும் வீட்டில் சத்தமாக வாசித்தோம். இரண்டு இடத்தில் உம்மா வெட்டச் சொன்னார், வெட்டினோம். அதற்குப் பிறகுதான் போடுகிறோம். ஒரு பேஸ்புக் பதிவுக்கு இவ்வளவு அனுமதி எதற்கு என்று கேட்பீர்கள். வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

போன லீவுக்கு தம்பி கட்டாரிலிருந்து வந்தார். பெட்டி திறக்கும் நேரம் எல்லா வீட்டிலும் போலத்தான். பால்மா, சொக்லட், தைலம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் பஞ்சில் பொதிந்த மாதிரி ஒரு கருவி. வாவியில் மூழ்கிப் பார்க்கிறவர்கள் போடும் கண்ணாடியைக் கொஞ்சம் தடிப்பாக்கி, முன்பக்கம் கண்கள் வைத்த மாதிரி. உம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன மகன், இதுக்கு முன்னுக்கும் கண் இரிக்கே?" என்று கேட்டார்.

அந்த நேரம் நாங்கள் சிரித்தோம். உண்மையில் அன்று அந்தக் கருவியைப் பற்றி யாரும் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான்.

எந்தக் கம்பனியின் கருவி என்று எழுதவில்லை. விளம்பரமும் வேண்டாம், வசையும் வேண்டாம். பொதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 அக்டோபரில் மெட்டா கம்பனி குவெஸ்ட் 3 என்ற கருவியை 499 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. 2024 பெப்ரவரியில் அப்பிள் கம்பனியின் விஷன் புரோ வந்தது, விலை 3,499 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலே முதலாவது ஒன்றரை இலட்சம், இரண்டாவது பத்தரை இலட்சம். இரண்டாவதன் விலைக்கு எங்கள் பக்கத்தில் வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறோம். டீச்சர் வேலை பழகிப்போனதால் கொஞ்சம் பாடம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு வந்தவை மெய்நிகர் கருவிகள். மாட்டினால் வீடு மறைந்துவிடும், வேறொரு உலகம் மட்டும் தெரியும். இப்போது வருபவற்றைக் கலப்பு மெய்ம்மை என்கிறார்கள். மாட்டினாலும் உங்கள் வீடு தெரியும். கண்ணாடியூடாகப் பார்க்கிற மாதிரி நேரடியாக அல்ல. கண்ணுக்கு முன்னால் இருப்பது கறுத்த பிளாஸ்டிக். முன்பக்கக் கெமராக்கள் வீட்டைப் படம் பிடித்து, அந்தக் கணமே உள்ளே இருக்கும் இரண்டு சிறிய திரைகளில் காட்டுகின்றன. அந்தப் படத்துக்கு மேல் கணினி தன் பொருட்களைக் கொண்டுவந்து வைக்கிறது. உங்கள் மேசையில் இல்லாத பூனை உங்கள் மேசையில் இருக்கும். இந்தக் கலப்புக்குப் பெயர் வைத்து 1994இல் மில்கிராம், கிஷினோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் கட்டுரை எழுதினார்கள். தலையில் மாட்டும் திரை அதைவிடப் பழையது. 1968இல் ஐவன் சதர்லண்ட் அமெரிக்காவில் செய்த கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுத்தான் மாட்டினார்கள்.

இரண்டு கண்ணுக்கும் ஏன் இரண்டு திரை? பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையில் சராசரியாக 63 மில்லிமீற்றர் தூரம். அதனால் ஒவ்வொரு கண்ணும் உலகத்தைக் கொஞ்சம் வேறு கோணத்தில் பார்க்கிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைக் கண்டுபிடிக்கிறது. 1838இல் சார்ள்ஸ் வீற்ஸ்டன் இரண்டு படம், இரண்டு கண்ணாடி வைத்து இதைச் செய்து காட்டினார். அதற்கு 800 வருடங்களுக்கு முன்பே எங்கள் இப்னுல் ஹைதம், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர், கிதாபுல் மனாழிர் என்ற நூலில் ஒரு பெரிய விசயத்தை நிறுவினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதில்லை. பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணுக்குள் நுழைகிறது. பார்ப்பது என்பது வாங்குவது.

இந்த வசனத்தை மனதில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

இனி எங்கள் அனுபவம்.

முதல் விசயம் பாரம். அரைக் கிலோ அளவுதான், ஆனால் முழுவதும் முகத்தின் முன்பக்கம். பத்து நிமிடத்தில் கன்னத்தில் அச்சு விழுந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு உள்ளே வியர்த்து வில்லையில் புகார் படிந்தது. ஃபேனுக்கு நேரே இருந்துதான் பார்க்க முடிந்தது.

இரண்டாவது விசயம், எங்கள் வீடு. மாட்டியதும் எங்கள் ஹோல்தான் தெரிந்தது. அதே நாற்காலி, அதே அலுமாரி, அதே சுவர்க் கலண்டர். ஆனால் பழைய போனில் எடுத்த வீடியோ மாதிரி கொஞ்சம் புள்ளி புள்ளியாக. லைட் குறைந்த மூலையில் இன்னும் மோசம். கையை முன்னால் நீட்டினால் எங்கள் கைதான், ஆனால் எங்கள் கை மாதிரி இல்லை. போட்டுக்கொண்டே தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக் குடித்தோம், சிந்தவில்லை. ஆனால் கலண்டரில் பெரிய எழுத்தைத் தவிர ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து இருக்கிற வீட்டை விருந்தாளியாகப் பார்க்கிற மாதிரி ஒரு உணர்வு. சுவரில் பெயின்ற் கழன்ற இடம் அன்றுதான் கண்ணில் பட்டது.

மூன்றாவது, அது வீட்டை அளந்தது. தொடங்கும்போது அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறது. தலையைத் திருப்பத் திருப்பச் சுவர், நிலம், மேசை எல்லாவற்றின் மேலும் ஒரு வலை படர்ந்துகொண்டு போகிறது. மாமாவின் காலத்தில் காணி அளக்க நில அளவையாளர் வந்து ஒரு நாள் முழுக்க நின்றார். இது இரண்டு நிமிடத்தில் ஹோலை அளந்து முடித்துவிட்டது. கண்ணாடி அலுமாரியில்தான் தடுமாறியது. கண்ணாடியில் ஒளி ஊடுருவியும் தெறித்தும் போவதால் தூரம் பிடிபடாது. வகுப்பில் சொல்லிக் கொடுப்பது வீட்டில் நடந்தது, சந்தோசம்.

அதற்குப் பிறகு பிள்ளைகளின் ஆட்சி. கூரை திறந்து வானம் தெரிந்தது. சுவரை உடைத்துக்கொண்டு பஞ்சு உருண்டை மாதிரிச் சின்னச் சின்னப் பிராணிகள் வந்தன, அவற்றைப் பிடிக்க வேண்டும். தம்பி அதை ரீவியில் இணைத்துவிட்டார், மாட்டியிருப்பவர் பார்ப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தங்கச்சியின் மகள் வெறும் காற்றைப் பிடித்துப் பிடித்துச் சிரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் அவளுக்கு ஏழு வயது. 'ஐந்து நிமிடம் போதும்' என்று கழற்றினோம். மெட்டா கம்பனி முதலில் 13 வயதுக்கு மேல் என்று வைத்திருந்தது, 2023இல் பெற்றோரின் கட்டுப்பாட்டில் உள்ள கணக்கு என்றால் 10 வயதிலிருந்து என்று குறைத்தது. அப்பிள் 13க்குக் கீழே வேண்டாம் என்கிறது. ஏழு வயது எந்தக் கணக்கிலும் வராது. அந்த ஐந்து நிமிடமும் நாங்கள் செய்த பிழைதான்.

தங்கச்சிக்குத் தலை சுற்றியது. கண் 'நகர்கிறாய்' என்கிறது, உட்செவி 'இருக்கிறாய்' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்படும்போது வயிறு தீர்ப்புச் சொல்கிறது. இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துப் படுக்க வைத்தோம்.

நடுவில் கரண்ட் போனது. கருவிக்குத் தன் பெட்டரி இருக்கிறது, ஆனாலும் நின்றுவிட்டது. இருட்டில் கெமராவுக்கு ஒன்றும் தெரியாதே. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் படித்த உம்மா, "இவ்வளவு காசு குடுத்த சாமான் இருட்டுல குருடா?" என்றார்.

இனி உம்மாவின் முறை.

உம்மா ஹஜ்ஜுக்குப் போகவில்லை. பாய் இழைத்தும், ஆடு வளர்த்தும், வாப்பா விட்டுப்போனதிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசு இருந்தது. 2022இல் மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. காசு அப்படியேதான் இருந்தது, மக்காதான் தூரமாகிவிட்டது. அன்றிலிருந்து உம்மா அந்தப் பேச்சை எடுப்பதில்லை, நாங்களும் எடுப்பதில்லை.

தம்பி கஃபாவின் 360 பாகைக் காணொளி ஒன்றைத் தேடி வைத்திருந்தார். உம்மாவை நாற்காலியில் இருத்தினோம், நின்றுகொண்டு பார்த்தால் விழுந்துவிடுவார் என்று. மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே மாட்டினோம். மாட்டியதும் உம்மா ஒன்றும் பேசவில்லை. தலை மெதுவாக இடப்பக்கம் திரும்பியது, மேலே நிமிர்ந்தது. கை இரண்டும் தானாக உயர்ந்தன. உதடு அசைந்தது. பிறகு ஒரு கையை முன்னால் நீட்டினார். கொஞ்ச நேரம் அந்தக் கை அப்படியே காற்றில் நின்றது.

கழற்றிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அங்க தவாப் செய்ற ஆக்களுக்கு என்னத் தெரிஞ்சிருக்குமா?"

"இல்ல உம்மா, அது எப்பவோ எடுத்த வீடியோ."

"அப்ப நான் மட்டும்தான் அவங்களப் பாத்திரிக்கன். அவங்க என்னப் பாக்கல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்தது நல்லம். ஆனா போனதாகாது" என்றார்.

மார்க்கம் படித்தவர்களும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் சவூதியில் ஹஜருல் அஸ்வத் கல்லை மெய்நிகர்க் கருவியில் பார்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பிறகு, கருவியில் கஃபாவைச் சுற்றினால் ஹஜ் ஆகுமா என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்தது. துருக்கியின் மார்க்க விவகாரத் தலைமையகம் 2022இல் ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. உம்மாவுக்கு அந்தச் செய்தி தெரியாது. நீட்டிய கையில் ஒன்றும் தட்டுப்படாததிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

இதோடு பதிவு முடிந்திருந்தால் நல்ல ஞாபகமாக முடிந்திருக்கும்.

தம்பி திரும்பிப் போனார். கருவி எங்கள் வீட்டில் தங்கியது. தம்பியின் மகன் பின்னேரங்களில் வந்து விளையாடுவான். மாமி வீடு, மூத்தம்மா வீடு, அவனுக்குக் கதவு தட்டும் பழக்கமே இல்லை, வேண்டியதும் இல்லை. எங்கள் பாடசாலையில் தரம் 11.

ஒரு நாள் அந்த வகுப்பில் வில்லைகள் பாடம். இப்னுல் ஹைதமைச் சொல்லி, குவிவு வில்லையைச் சொல்லி, இந்தக் காலத்துக் கருவிகளில் வில்லை எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கை உயர்த்தினான். எந்தக் கள்ளமும் இல்லாத பிள்ளை.

"டீச்சர், உங்கட ஹோல் சுவர உடச்சிட்டு வந்திச்சே, அந்த ஹெட்செட்தானே?"

வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று நான்கு தலைகள் குனிந்ததைக் கண்டோம். அதில் ஒன்று தம்பி மகனுடைய தலை. சிரித்தவர்கள் எங்களைப் பயப்படுத்தவில்லை. குனிந்த தலைகள்தான் பயப்படுத்தின.

இவனுக்கு எங்கள் ஹோல் சுவர் எப்படித் தெரியும்?

பாடத்தை எப்படி முடித்தோம் என்று நினைவில்லை. பின்னேரம் அவனை வரச்சொல்லிப் போனை வாங்கினோம். 43 செக்கன் வீடியோ. விளையாடும்போது ஒரு பொத்தானை அமர்த்திப் பதிவு செய்திருக்கிறான். வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். சுவர் உடைகிறது, பஞ்சு உருண்டைகள் பறக்கின்றன, அவன் சிரிக்கிறான். நடுவில் ஒரு உருண்டை குசினிப் பக்கம் பறக்க, அவன் தலை அதன் பின்னால் திரும்புகிறது. குசினி வாசலில் முக்காடு இல்லாமல் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு நாங்கள். கீழே பாயில் கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தங்கச்சி, வீட்டு உடுப்போடு. நான்கு செக்கன் இருக்கும். குரூப்பில் 34 பேர்.

வேண்டுமென்று செய்ததில்லை. அதை நாங்கள் நூறு தடவை சொல்லிக்கொள்கிறோம். அவன் பார்த்தது பஞ்சு உருண்டையை. எங்களைப் பார்க்கவே இல்லை. அனுப்பும்போதும் அவன் கண்ணில் நாங்கள் இல்லை. அழுதுகொண்டே குரூப்பிலிருந்து அழித்தான். எல்லோரிடமும் அழிக்கச் சொன்னான், அவர்களும் அழித்ததாகச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள், நம்புகிறோம். ஆனால் வீசிய கல்லைத் திருப்பிக் கூப்பிட முடியாது என்பதும் தெரியும்.

தம்பி டோஹாவிலிருந்து கோல் எடுத்தார். "நாலு செக்கன்தானே ராத்தா. பெரிசாக்காதீங்க."

தங்கச்சி போனை வாங்கிச் சொன்னாள், "உங்களுக்கு நாலு செக்கன் காக்கா. நான் இனிக் கடைக்குப் போற நேரமெல்லாம் முன்னால வாற பொடியன் அத பாத்தவனா பாக்காதவனா எண்டு யோசிச்சிட்டுப் போகணும். அது எத்தின செக்கன்?"

அந்தப் பக்கம் சத்தமில்லை.

அன்று இரவு நாங்கள் மூவரும் தூங்கவில்லை. கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். எங்கே பிழைத்தது? அவன் எங்கள் தம்பியின் மகன், மஹ்ரம். அவன் முன்னால் நாங்கள் தலை திறந்திருப்பதில் மார்க்கத்தில் தடையில்லை, பழக்கத்திலும் தடையில்லை. அவனுக்குத்தான் நாங்கள் வீட்டைத் திறந்து வைத்திருந்தோம். ஆனால் அன்று அவன் முகத்தில் இருந்தது அவனுடைய கண் மட்டும் அல்ல. அந்தக் கண்ணுக்குப் பின்னால் 34 பேர் வரிசையில் நின்றார்கள். அவர்கள் வந்தது எங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, அவர்களுக்கே கூடத் தெரியாது.

பார்ப்பது என்பது வாங்குவது என்று மேலே எழுதினோம் அல்லவா. கருவியின் கண்ணும் அப்படித்தான். பஞ்சு உருண்டையைக் காட்ட வேண்டுமென்றால் அது முதலில் எங்கள் வீட்டை வாங்க வேண்டும். முந்தைய மெய்நிகர்க் கருவியில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை, அதில் வீடே தெரியாது. இதில் வீடுதான் விளையாட்டு மைதானம். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும், கேட்காமலே, விளையாட்டுக்குள் வந்துவிடுகிறோம்.

கெமராப் படங்களைக் கருவிக்குள்ளேயே கையாளுகிறோம், எங்களிடம் அனுப்புவதில்லை என்று கம்பனிகள் சொல்கின்றன. எங்கள் வீட்டுப் படம் போனது கம்பனி வழியாக அல்ல, எங்கள் பிள்ளையின் விரல் வழியாக. நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள், சொந்தத் தேவைக்குச் செய்வதை அந்தச் சட்டம் விட்டுவிடுகிறது. வாசல்படியோடு சட்டம் நின்றுவிடுகிறது. உள்ளே நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே பார்த்துக்கொள்ள எங்களிடம் ஒன்றும் இல்லாமலில்லை. சூரா அந்நூரின் 27ஆம் வசனம் அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழைய வேண்டாம் என்கிறது. அதே சூராவின் 58ஆம் வசனம் இன்னும் நுணுக்கம். வீட்டுக்குள்ளேயே, வீட்டுப் பிள்ளைகளே கூட, உடுப்பு தளர்ந்திருக்கும் மூன்று நேரங்களில் கேட்டுவிட்டு வர வேண்டும். அனுமதி என்ற ஒன்றை வைத்ததே பார்வையின் காரணமாகத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஹதீஸில் வருகிறது. கால் நுழைவதைவிடக் கண் நுழைவதுதான் முக்கியம் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் காலையில் சுபஹ் தொழுதுவிட்டு உம்மாதான் தீர்ப்புச் சொன்னார். கருவியைத் தூக்கி எறியச் சொல்வார் என்றுதான் நினைத்தோம். தங்கச்சி அதற்குத் தயாராகவும் இருந்தாள். உம்மா சொன்னது இதுதான்.

"ஒங்கட வாப்பா ஒரு நாளும் வெறுமனே வீட்டுக்க வந்ததில்ல. படலயடியில ஒருக்கா செருமுவார். நாங்க முக்காட்டச் சரியாக்குவம். கூட ஆள் வந்தா ரெண்டுதரம் செருமுவார். ஒரு சொல்லுச் சொல்ல மாட்டார், எல்லாருக்கும் விளங்கும். இதுக்கும் கண் இரிக்கு, இதுக்குப் பின்னால ஆள் இரிக்கு. ஆனா தொண்ட இல்ல. அதான் பிழ. வீட்டுக்க வாறதெண்டா வரட்டும், அது செருமிட்டு வரட்டும்."

நாங்கள் இரண்டு பேரும் முதலில் சிரித்தோம், பிறகு பேசாமல் இருந்தோம். பட்டமும் பயிற்சியும் முடித்த டீச்சருக்கு ஒரு இரவு முழுக்கக் கிடைக்காத விடை, படலையடிச் செருமலில் இருந்தது.

பாடசாலையில் இதை ஆரையம்பதியிலிருந்து வரும் எங்கள் தோழி டீச்சரிடம் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "எங்கட மாமனாரும் அப்படித்தான் டீச்சர். படலயத் திறக்க முதல் இருமுவார். நாங்க அவருக்குச் சளி எண்டு நினைச்சுக் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்த நாளும் இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவர் வீட்டுக் கலியாணத்தில் பின்னறையில் பெண்கள் உடுப்பு மாற்றும்போது யாரோ ஒரு சின்னப் பிள்ளை போனில் லைவ் போட்ட கதையைச் சொன்னார். அன்று அவரும் அழுதிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே வருத்தத்தை இரண்டு வீட்டில் மூடி வைத்திருந்திருக்கிறோம். இந்தப் பதிவை எழுதலாம் என்று அன்றுதான் முடிவெடுத்தோம்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளையின் பெயருக்குத்தான் போகிறது. தமிழரிலும் அப்படி, எங்களிலும் அப்படி. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே ஒரு கெமரா வீட்டுக்குள் வரும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. தம்பி அன்போடு கொண்டுவந்தார், அல்லாஹ் அவருக்கு பறக்கத் செய்யட்டும். ஆனால் பெட்டியைத் திறந்த அன்று, "இது முன்னுக்கும் பார்க்கும், பதிவும் செய்யும்" என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உம்மா மட்டும் கேட்டார். நாங்கள் சிரித்தோம்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இது. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று வந்தால், அல்லது வரவிருந்தால், உதவும் என்று எழுதுகிறோம்.

1. மாட்டுவதற்கு முன் செருமல். சத்தமாக, குசினி வரை கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் மாட்டலாம்.

2. பதிவு செய்வதென்றாலும், ரீவி அல்லது போனில் காட்டுவதென்றாலும் இரண்டு செருமல். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் 'சரி' சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

3. வீட்டில் எடுத்த எதுவும் வாசல்படி தாண்டாது. அனுப்புவதற்கு முன் முழுவதையும் ஒரு பெரியவரோடு இருந்து பார்க்க வேண்டும். விளையாட்டைப் பார்க்காமல், பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

4. பத்து வயதுக்குக் கீழே இல்லை. மற்றவர்களுக்கு 20 நிமிடம். தலை சுற்றினால் உடனே கழற்ற வேண்டும்.

5. விறாந்தையில் வெயில்படும் இடத்தில் வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது உருப்பெருக்கும் வில்லை. கைவில்லையால் கடதாசி எரித்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். வெயில் அந்த வில்லைக்குள் விழுந்தால் திரை கருகிவிடும்.

தம்பி மகன் இரண்டு கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வெட்கம். வகுப்பிலும் எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை. பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற பயம் வீடியோவைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை உம்மாவே அவனுக்குப் பிடித்த வட்டிலப்பம் செய்து, "மூத்தம்மா கூப்பிட்டதெண்டு சொல்லு" என்று ஆள் அனுப்பினார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு படலையடியில் ஒரு சத்தம். வயதுக்கு வந்துகொண்டிருக்கிற பையனின் உடைந்த குரலில் ஒரு செருமல். ஒன்று இல்லை, மூன்று.

தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். உள்ளே இருந்து உம்மா கேட்டார், "மகன், மூணுதரம் செருமுற, எத்தின பேரக் கூட்டிட்டு வந்திரிக்கா?"

"நான் மட்டும்தான் மூத்தம்மா."

"அப்ப வா."

வந்தான். வட்டிலப்பம் சாப்பிட்டான். கருவியைக் கேட்கவில்லை. அது அலுமாரிக்கு மேல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி இருந்தது. உம்மாதான் எடுத்துக் கொடுத்தார்.

இதை வாசிக்கிற உறவுகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தச் சிறிய வீடியோ யாருடைய போனிலாவது இன்னும் இருந்தால், எங்களிடம் சொல்லத் தேவையில்லை, யார் என்று நாங்கள் கேட்கவும் மாட்டோம். அழித்துவிடுங்கள். அது எங்கள் வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் ஸலாம்.

உங்கள் வீட்டிலும் படலையடியில் செருமுகிற வாப்பாவோ, அப்பாவோ, மாமாவோ இருந்திருந்தால் கீழே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.

உம்மாவின் ஹஜ் நிய்யத்துக்காக துஆச் செய்யுங்கள். இந்த முறை கருவி இல்லாமல்.